விதியின் தரம்

கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்திலும் சுற்றுப்புறங்களிலும் 2024-ஆம் வருஷம் ஜூன் மாதம் விஷச் சாராயம் அருந்தி மாண்டோர் அறுபதுக்கு மேற்பட்டோர். பெரும்பாலோர் அன்றாடக் கூலியால் ஜீவித்த ஏழைகள். அம்மாதம் முடிவதற்குள் மாநிலச் சட்டசபை 1937-ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி, மரணம் விளைவித்தவருக்கு ஆயுட்காலம் வரை கடுங்காவல் என்று தண்டனையை உயர்த்திற்று. குற்றவாளிகளிடம் நமக்கு எள்ளளவும் இரக்கமில்லை. ஆயினும், தண்டனை உயர்ந்தால் விதியின் தரமும் உயர்ந்துவிடுமா என்று கேட்க விரும்புகிறோம்.

மாண்டோரைக் கொன்றது மெத்தனால். அது கல்வராயன் மலைப் பானைகளில் ஊறுவதன்று. இரசாயனத் தொழிற்சாலைகளுக்கு உரிய சரக்கு. துர்ச்சம்பவத்துக்குப் பின் போலீஸார் மலையேறி ஊறல்களைக் கொட்டி அழித்தனர். கள்ளச் சாராயம் ஒழிய வேண்டியதே. ஆனால் நஞ்சு வந்த வழி வேறு; விதி பார்த்த திசை வேறு.

நஞ்சுப் பொருள்களின் விற்பனை பற்றிய 1919-ஆம் வருஷத்து மத்திய சட்டம், விதி செய்யும் அதிகாரத்தை மாநிலங்களிடமே விட்டது. சரக்கோ மாநில எல்லை அறியாது. 2022 ஜூலையில் குஜராத்தின் போடாட் பகுதியிலும் இதே மெத்தனால் உயிர்களைக் குடித்தது.

விதிகள் பிறக்கும் முறையிலேயே பிழை இருக்கிறது. 1897-ஆம் வருஷத்துப் பொது ஷரத்துகள் சட்டப்படி, மூலச் சட்டம் கட்டளையிட்டாலன்றி விதியின் நகலை முன்கூட்டிப் பிரசுரிக்கும் கட்டாயமில்லை. நகலை முப்பது நாளேனும் வெளியிட்டு ஜனங்களின் அபிப்பிராயத்தைக் கேட்க வேண்டுமென மத்திய சர்க்கார் 2014-இல் தீர்மானித்தனர். அது கொள்கையே, சட்டமன்று. அமெரிக்க தேசத்தாரோ இதனை 1946-லேயே சட்டமாக்கிவிட்டனர். 2023-இல் நம் பார்லிமெண்டு 42 சட்டங்களில் 183 ஷரத்துகளைத் திருத்திப் பல தண்டனைகளைக் குறைத்தது. ஆனால் தண்டனையைக் கூட்டுவதும் குறைப்பதும் மட்டும் சீர்திருத்தமாகா.

அவசர காலத்தில் ஆலோசனைக்கு நேரமேது என்பர் சிலர். 2023 மே மாதத்தில் மரக்காணத்திலும் செங்கற்பட்டுப் பகுதியிலும் இதே நஞ்சு இருபதுக்கு மேற்பட்டோரைக் கொன்றது. அதற்கும் கருணாபுரத்துக்கும் இடையே பதின்மூன்று மாதங்கள் இருந்தன. அக்காலத்தில், மெத்தனால் எங்கிருந்து எவர் கைமாறிக் கசிகிறது என்று ஆராய்ந்து விதியைச் செப்பனிட்டிருக்கலாகாதா?

ஆகவே நாம் கோருவது மூன்று. முதலாவது, விதியின் நகல் கெஜட்டோடு நில்லாமல், அவரவர் தாய்மொழியில் வெள்ளிமலைக் கிராமசபை வரை சென்று வாசிக்கப்பட வேண்டும். இரண்டாவது, எத்தீங்கை எவ்வழியில் தடுக்குமென்று ஒவ்வொரு விதியும் தெளிவாகச் சொல்ல வேண்டும். மூன்றாவது, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, அது தடுத்ததா என்று ஆராய்ந்து சர்க்கார் முடிவைப் பகிரங்கமாக்க வேண்டும். இம்மூன்றையும் கொள்கையாக விடாமல் பார்லிமெண்டு சட்டமாக்க வேண்டும்.

சாவுக்குப் பின் எழுதும் கடுமையான விதியைவிட, சாவுக்கு முன் விசாரித்து எழுதும் விதியே ஜனங்களைக் காக்கும். கருணாபுரத்து விதவைகளுக்கு நாம் பட்டிருக்கும் கடன் இதுவே.