வயிறு பெருத்தால் நெஞ்சு எரியுமா?

இரவு ஒன்பதரை மணிக்குச் சாப்பாடு. பத்து மணிக்குப் படுக்கை. சிறிது நேரத்தில் நெஞ்சுக்குள் தீ வைத்தது போல எரிகிறது. தொண்டை வரை புளிப்பாக ஏதோ வருகிறது. எழுந்து உட்கார்ந்தால் சற்றுத் தேவலை. படுத்தால் மறுபடியும் எரிகிறது.

இந்தத் தொல்லையை அறியாதவர்கள் நம் நாட்டில் குறைவு. தமிழில் இதற்கு நெஞ்செரிச்சல் என்று பெயர். வங்காளத்தில் ‘அம்பல்’ என்பார்கள். வடக்கே பல ஊர்களில் ‘கேஸ்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். அந்தச் சொல்தான் பலரையும் ஏமாற்றுகிறது. நெஞ்சை எரிப்பது காற்று அல்ல. அது அமிலம்.

அமிலம் எங்கிருந்து வருகிறது?

வாயில் போட்ட உணவு ஒரு குழாய் வழியாக இறங்குகிறது. அதுதான் உணவுக்குழாய். ஏறக்குறைய ஒரு சாண் நீளம், அதாவது 25 சென்டிமீட்டர் இருக்கும். அது இரைப்பையில் போய் முடிகிறது. இரைப்பையில் நாள்தோறும் ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரை செரிமான நீர் சுரக்கிறது. அதில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். இதை 1824-இல் வில்லியம் பிரவுட் என்ற ஆங்கிலேய மருத்துவர் எழுதி வெளியிட்டார். கழிப்பறை கழுவ ஆசிட் விற்கிறார்களே, அதிலும் பெரும்பாலும் இதே அமிலம்தான் இருக்கும். இரைப்பையில் இருப்பது அதைவிட வீரியம் குறைந்தது.

அப்படியானால் இரைப்பை வெந்து போகாதா? போகாது. இரைப்பையின் உட்புறத்தில் வழவழப்பான ஒரு படலம் இருக்கிறது. அது காப்பாற்றும். உணவுக்குழாய்க்கு அவ்வளவு பாதுகாப்பு இல்லை. அமிலம் மேலே ஏறினால் அது எரியும்.

ஏறாமல் தடுக்க ஒரு வழி இருக்கிறது. பாட்டிமார் இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப் பையைப் பார்த்திருப்பீர்கள். கயிற்றை இழுத்தால் பையின் வாய் மூடிக்கொள்ளும். உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் அப்படி ஒரு தசை வளையம் உண்டு. விழுங்கும்போது அது திறக்கும். உணவு இறங்கியதும் மூடிக்கொள்ளும். அந்த வளையம் தளர்ந்தால், அல்லது கீழிருந்து அழுத்தம் கூடினால், அமிலம் மேலே வந்துவிடும்.

தொப்பை செய்யும் இரண்டு வேலைகள்

கீழிருந்து அழுத்துவது யார்? பல நேரங்களில் தொப்பைதான். தொப்பையில் இருப்பது தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பு மட்டும் அல்ல. குடலைச் சுற்றியும் கொழுப்பு சேர்ந்திருக்கும். அது இரவும் பகலும் இரைப்பையை நெருக்கிக்கொண்டே இருக்கும். குனிந்தால் இன்னும் நெருக்கும். இடுப்பில் பெல்ட்டையோ பாவாடை நாடாவையோ இறுக்கிக் கட்டினால் கேட்கவே வேண்டாம்.

இது முதல் வேலை. இரண்டாவது வேலை கண்ணுக்குத் தெரியாது.

உண்ட உணவை உடல் எரிபொருளாக மாற்றிச் செலவு செய்கிறது. மிச்சத்தைச் சேர்த்து வைக்கிறது. இந்த வரவு செலவுக்கு வளர்சிதை மாற்றம் என்று பெயர். இரத்தத்தில் உள்ள சர்க்கரையை உடலின் உறுப்புகளுக்குள் சேர்க்க இன்சுலின் என்ற சுரப்பு வேண்டும். வயிற்றுக்குள் கொழுப்பு கூடினால் இன்சுலின் சொல்வதை உடல் சரியாகக் கேட்பதில்லை. சர்க்கரை இரத்தத்திலேயே தங்குகிறது. கல்லீரலில் கொழுப்பு படிகிறது. இரத்த அழுத்தமும் ஏறுகிறது.

ஆகவே நெஞ்செரிச்சலும் சர்க்கரை நோயும் பல வீடுகளில் ஒன்றாகவே இருக்கின்றன. நெஞ்சு எரிந்தாலே சர்க்கரை நோய் என்று பயப்பட வேண்டாம். ஒல்லியானவர்களுக்கும் நெஞ்சு எரியும். கர்ப்பிணிகள் பலருக்கும் எரியும். ஆனால் தொப்பையும் இருந்து, வாரத்தில் இரண்டு மூன்று நாள் எரிச்சலும் இருந்தால், சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் சோதித்துப் பார்ப்பது நல்லது.

சர்க்கரை நோயும் தன் பங்குக்கு நெஞ்செரிச்சலைக் கூட்டும். பல ஆண்டுகள் சர்க்கரை கட்டுப்படாமல் இருந்தால் நரம்புகள் கெடும். இரைப்பைக்குப் போகும் நரம்பும் அதில் ஒன்று. அது கெட்டால் உணவு இரைப்பையை விட்டு மெதுவாகவே நகரும். வெகுநேரம் தங்கும் உணவு அமிலத்தோடு மேலே வரும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு ஒன்று 2023-இல் வெளியானது. நாடு முழுவதும் 1 லட்சத்து 13 ஆயிரம் பேரை அதில் ஆராய்ந்தார்கள். இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக அதில் கணக்கிட்டார்கள். இன்னும் 13 கோடிக்கு மேற்பட்டவர்கள் அதன் வாசலில் நிற்கிறார்கள்.

தொப்பை அதிகமா என்று எப்படித் தெரியும்? தையற்காரர் வைத்திருக்கும் டேப் போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில் சுற்றி அளக்க வேண்டும். மூச்சை மெதுவாக வெளியே விட்டபின் அளக்க வேண்டும். வயிற்றை உள்ளே இழுத்துப் பிடிக்கக் கூடாது. ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் வரை இருக்கலாம். கிராமங்களில் ஆஷா பணியாளர்கள் 30 வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த அளவை எடுக்கிறார்கள். துணை சுகாதார நிலையத்தில் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் இலவசமாகப் பார்ப்பார்கள்.

கேஸ் என்று நினைத்து ஏமாறுவது

நெஞ்சில் வலி. “கேஸாக இருக்கும், ஒரு சோடா குடி” என்கிறார்கள் வீட்டில். குடித்துவிட்டுப் படுக்கிறார். விடியும்வரை காத்திருக்கிறார்கள். வந்தது மாரடைப்பாக இருந்தால் அந்தக் காத்திருப்பே உயிரை எடுத்துவிடும்.

இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது மருத்துவருக்கே சில நேரம் கடினம். ஆனால் சில அடையாளங்கள் உண்டு. நெஞ்சில் பாரம் வைத்து அழுத்துவது போல இருக்கும். வலி இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவும். உடம்பு வியர்த்துக் கொட்டும். மூச்சு வாங்கும். மாடிப்படி ஏறினால் வலி வந்து, நின்றால் குறைந்தால் அது இதயத்தின் வலியாக இருக்கலாம். சர்க்கரை நோயாளிகளுக்கு மாரடைப்பிலும் வலி அதிகம் தெரியாமல் போகலாம். ஆகவே அவர்கள் சோடாவை நம்பவே கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போய் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். பெரும்பாலான மாநிலங்களில் 108-ஐ அழைத்தால் ஆம்புலன்ஸ் வரும்.

என்ன செய்யலாம்?

நெடுஞ்சாலை ஓரத்து தாபாவில் லாரி ஓட்டுநர்களைப் பாருங்கள். நள்ளிரவில் நெய் வழியும் பரோட்டா. அடுத்த நிமிடமே கயிற்றுக் கட்டில். கொழுப்பான உணவு இரைப்பையில் நெடுநேரம் தங்கும். உட்கார்ந்திருந்தால் அமிலம் கீழேயே நிற்கும். படுத்தால் தொண்டையை நோக்கி ஓடும். பாவம், அவர்கள் வேலை அப்படி. வீட்டில் இருப்பவர்களுக்கு அந்தச் சாக்குக் கிடையாது. சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் அடியில் இரண்டிரண்டு செங்கல் வைக்கலாம். தலையணையை அடுக்குவதில் பயன் குறைவு. உடம்பு வயிற்றில் மடிந்து, அழுத்தம்தான் கூடும். இடது பக்கமாகச் சாய்ந்து படுப்பது நல்லது. பீடி, சிகரெட், மது ஆகியவை அந்தத் தசை வளையத்தைத் தளர்த்தும். அவற்றை விட வேண்டும். நாள்தோறும் அரைமணி நேரம் வேகமாக நடந்து, இரவில் சோற்றையும் எண்ணெயையும் குறைத்தால் இடுப்பு அளவு மெல்ல இறங்கும். எரிச்சலும் குறையும், சர்க்கரையும் குறையும்.

சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்துக் குடிப்பவர்கள் உண்டு. அதில் சோடியம் அதிகம். இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு ஆகாது. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளை மருத்துவர் சொன்ன நாள்வரை சாப்பிடலாம். கடையில் தாமாக வாங்கி ஆண்டுக்கணக்கில் விழுங்குவது தவறு. சில இரத்த அழுத்த மாத்திரைகளும் எரிச்சலைக் கூட்டும். அதற்காக அவற்றை நிறுத்திவிடக் கூடாது. மருத்துவரிடம் சொன்னால் வேறு மாத்திரை தருவார்.

விழுங்கும்போது உணவு நெஞ்சில் அடைக்கிறதா? மலம் தார் போலக் கறுத்துப் போகிறதா? வாந்தியில் இரத்தம் வருகிறதா? காரணம் இல்லாமல் உடல் இளைக்கிறதா? அப்படியானால் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு நாளைக் கடத்தாமல் பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். மெல்லிய குழாயை வாய் வழியே விட்டு உள்ளே பார்ப்பார்கள். எண்டோஸ்கோபி என்று பெயர். சில நிமிட வேலைதான்.