அக்கித் தடுப்பூசிக்குள் இருப்பது கிருமியா, கிருமியின் மேலுறையா?

"ஊசி போட்டுக்கிட்டா அக்கியே வந்துடும்னு சொல்றாங்களே, உண்மையாப்பா?"

ஆங் மோ கியோவில் வசிக்கும் என் பெரியம்மா கேட்ட கேள்வி இது. அவருக்கு வயது 68. நீரிழிவுப் பரிசோதனைக்காகப் பலதுறை மருந்தகத்துக்குப் போனபோது, அக்கி எனப்படும் 'ஷிங்கல்ஸ்' நோய்க்கு எதிரான தடுப்பூசியைப் போட்டுக்கொள்ளலாமே என்று தாதி சொல்லியிருக்கிறார். "யோசிச்சுச் சொல்றேன்" என்று பெரியம்மா திரும்பிவிட்டார். புளோக்கின் கீழ்த்தளத்தில் தோழிகளிடம் பேசியதில் பயம் இன்னும் கூடிவிட்டது.

ஷிங்ரிக்ஸ் எனும் அந்தத் தடுப்பூசி 2025 செப்டம்பர் 1 முதல் சிங்கப்பூரின் பெரியவர்களுக்கான தேசியத் தடுப்பூசி அட்டவணையில் இருக்கிறது. 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கும், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்த 18 வயதுக்கு மேற்பட்டோருக்கும் அது பரிந்துரைக்கப்படுகிறது. தகுதிபெறும் சிங்கப்பூரர்களுக்குச் சலுகையும் உண்டு.

பெரியம்மாவின் கேள்விக்குச் சுருக்கமான பதில்: வராது. அந்த ஊசிக்குள் கிருமியே இல்லை. கிருமியின் மேலுறையில் உள்ள ஒரே ஒரு புரதம்தான் இருக்கிறது. அதுவும் கிருமியிலிருந்து எடுத்ததல்ல, தனியாக உருவாக்கியது.

அக்கி எங்கிருந்து வருகிறது?

சிறுவயதில் நமக்குச் சின்னம்மை வந்து போயிருக்கும். அம்மை இறங்கினாலும் கிருமி போவதில்லை. முதுகெலும்பை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் பல ஆண்டுகள் பதுங்கியிருக்கும். வயது கூடி எதிர்ப்புச் சக்தி குறையும்போது அது மீண்டும் விழித்துக்கொள்ளும். நரம்பு வழியாகத் தோலுக்கு வந்து, உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டைபோல் கொப்புளங்களை உண்டாக்கும். கொப்புளம் ஆறிய பிறகும் நரம்பு வலி சிலருக்கு மாதக்கணக்கில், ஏன், ஆண்டுக்கணக்கில்கூட நீடிக்கும்.

இது ஹெர்ப்பீஸ் குடும்பத்தைச் சேர்ந்த கிருமி. உதட்டோரம் புண் வரவைக்கும் ஹெர்ப்பீஸ் சிம்ப்ளெக்ஸ் அதன் நெருங்கிய உறவு. இரண்டும் நரம்பில் பதுங்குபவைதான். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. ஆகவே, அக்கி வந்தவரைப் பார்த்து வேறு மாதிரி எண்ணத் தேவையில்லை.

மேலுறைப் புரதம் என்றால் என்ன?

ரம்புத்தான் பழத்தை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே கொட்டை, வெளியே தோல், தோல்மேல் முடிபோல நீட்டிக்கொண்டிருப்பவை. ஹெர்ப்பீஸ் கிருமியும் ஏறத்தாழ அப்படித்தான். உள்ளே மரபணு, வெளியே கொழுப்பால் ஆன மேலுறை, அதில் நீட்டிக்கொண்டிருக்கும் புரதங்கள்.

ஒவ்வொரு புரதத்துக்கும் ஒரு வேலை. உதட்டுப் புண் கிருமி நம் உயிரணுவைப் பற்றி உள்ளே நுழைய 'ஜிடி' எனும் புரதம் வேண்டும். சின்னம்மைக் கிருமி ஓர் உயிரணுவிலிருந்து அடுத்ததற்குப் பரவ 'ஜிஇ' வேண்டும். நம் உடலின் காவல் படை கிருமியை அடையாளம் காண்பதும் பெரும்பாலும் இவற்றை வைத்துத்தான். அடையாளத்துக்கு முகம் போதும், முழு ஆளும் வரவேண்டியதில்லை.

அதை எப்படிச் செய்கிறார்கள்?

ஜிஇ புரதத்துக்கான மரபணுக் குறிப்பை மட்டும் எடுத்து, சீன வெள்ளெலியின் சினைப்பை உயிரணுக்களில் சேர்க்கிறார்கள். 1957இல் ஆய்வுக்கூடத்தில் வளர்க்கத் தொடங்கிய உயிரணு வரிசை இது. இன்று பல மருந்துகளுக்கு இதுதான் தொழிற்சாலை. நம் பயோபொலிஸில் உள்ள ஏ-ஸ்டார் அமைப்பின் உயிரியல் செயல்முறைத் தொழில்நுட்பக் கழகமும் இவ்வகை உயிரணுக்களை வைத்து ஆய்வு செய்கிறது.

புரதத்தை மேலுறையோடு பிணைக்கும் வால் பகுதியை முன்கூட்டியே நீக்கிவிடுகிறார்கள். அதனால் உருவாகும் புரதம் உயிரணுவில் ஒட்டிக்கொள்ளாமல் வெளியே திரவத்தில் கலக்கும். அதை வடித்துச் சுத்தம் செய்தால் தடுப்பூசிக்கான மூலப்பொருள் தயார். ஓர் ஊசியில் இருப்பது 50 மைக்ரோகிராம் மட்டுமே. ஒரு கிராமில் இருபதாயிரத்தில் ஒரு பங்கு! தனிப் புரதம் மட்டும் உடலைப் போதிய அளவு உசுப்பாது என்பதால், சிலி நாட்டு மரப்பட்டையிலிருந்து எடுக்கப்படும் பொருள் உட்பட ஊக்கப் பொருள்களையும் சேர்க்கிறார்கள்.

அப்படியானால் பயம் எங்கிருந்து வந்தது?

முந்தைய அக்கித் தடுப்பூசியான ஸோஸ்டாவேக்ஸில் வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள கிருமி இருந்தது. எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தவர்களுக்கு அதைப் போடக்கூடாது என்ற எச்சரிக்கையும் இருந்தது. பெரியம்மாவின் தோழிகள் முற்றிலும் கற்பனையாகப் பேசவில்லை, பழைய ஊசியை மனத்தில் வைத்துப் பேசியிருக்கலாம்.

60 வயதுக்கு மேற்பட்டோரிடம் நடந்த பெரிய ஆய்வில் பழைய ஊசி ஏறத்தாழ 51 விழுக்காடு பலன் தந்தது. புதியது, 50 வயதுக்கு மேற்பட்டோரிடம் நடந்து 2015இல் வெளியான ஆய்வில் 97 விழுக்காடு. 70 வயதுக்கு மேற்பட்டோரிடமும் சுமார் 90 விழுக்காடு.

உதட்டுப் புண்ணுக்கு மட்டும் ஏன் ஊசி இல்லை?

அதே வழியை அங்கேயும் முயன்றார்கள். ஜிடி புரதத்தை வைத்துச் செய்த தடுப்பூசி 8,323 இளம் பெண்களிடம் சோதிக்கப்பட்டது. 2012இல் முடிவு வெளியானது. முதல் வகைக் கிருமியால் வரும் பிறப்புறுப்பு நோயை ஓரளவு தடுத்தது, இரண்டாம் வகையைத் தடுக்கவில்லை. வேறொரு முயற்சியும் 2024இல் கைவிடப்பட்டது.

ஒரு முக்கிய வேறுபாடு இருக்கிறது. அக்கி ஊசி, சின்னம்மையின்போது உடல் கற்ற பாடத்தை நினைவூட்டினால் போதும். மற்றதோ, கிருமி முதன்முதலாக நுழைவதையே தடுக்கவேண்டும்.

அதற்காக அந்தப் புரதங்கள் வீணாகவில்லை. ஆய்வாளர்கள் இன்றும் அவற்றை உருவாக்கிப் புதிய மருந்துகளையும் தடுப்பூசிகளையும் சோதிக்கிறார்கள். இரண்டு வகைக் கிருமிகளையும் பிரித்தறியும் ரத்தப் பரிசோதனைக்கு 'ஜிஜி' எனும் புரதம் பயன்படுகிறது. மற்றப் புரதங்கள் இரு வகையிலும் ஒன்றுபோல் இருப்பதால் குழப்பிவிடும். உலகில் 50 வயதுக்குட்பட்ட சுமார் 380 கோடிப் பேரிடம் முதல் வகைக் கிருமி இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. ஆகவே, பரிசோதனையில் 'இருக்கிறது' என்று வந்தால் அதிர வேண்டாம், மருத்துவரிடம் விளக்கம் கேளுங்கள்.

கவனிக்க வேண்டியவை

* மொத்தம் 2 ஊசிகள். பொதுவாக 2 முதல் 6 மாத இடைவெளி. ஒன்றோடு நிறுத்திவிடாதீர்கள்.
* கை வலி, அசதி, காய்ச்சல் வரலாம். பெரும்பாலும் 2, 3 நாளில் சரியாகிவிடும்.
* முன்பு அக்கி வந்தவர்களும் போட்டுக்கொள்ளலாம். இப்போது அக்கி இருந்தால், ஆறும்வரை காத்திருக்க வேண்டும்.
* கொப்புளம் தெரிந்தால் உடனே மருத்துவரைப் பாருங்கள். கிருமியை எதிர்க்கும் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. கண் பக்கம் வந்தால் ஒரு நாளும் தாமதிக்கக்கூடாது.

கடைசிக் குறிப்பு பெரியம்மாவுக்காகவே எழுதியது. ஊரில் அக்கி வந்தால் குயவரிடம் போய்ச் செங்காவியால் 'அக்கி எழுதி'க்கொள்வதைப் பார்த்து வளர்ந்தவர் அவர். காவி குளிர்ச்சியாக இருக்கலாம். ஆனால் நரம்புக்குள் இருக்கும் கிருமியை அது தொடாது. அந்தக் காத்திருப்பில் 72 மணி நேரம் போய்விடும்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அடுத்த பரிசோதனையின்போது முதல் ஊசியைப் போட்டுக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். "கை வலிச்சா ரெண்டு நாளைக்கு நீதான் வந்து சமைக்கணும்" என்ற நிபந்தனையோடு.