புதுக் கருவி புதியதுதானா? பேட்டண்டுப் பதிவுகளைத் தேடிப் பார்க்கும் முறை

கலப்பை, களைக் கருவி, விதைப்புக் கருவி முதலியவற்றைத் தம் அநுபவத்தைக் கொண்டு திருத்தியமைக்கும் குடியானவர்கள் எக்காலத்திலும் உண்டு. திருத்தம் நற்பயன் அளித்ததும், பேட்டண்டு என்று வழங்கும் காப்புரிமையைப் பெற வேண்டுமென்ற விருப்பம் எழுவது இயல்பே. ஆயினும், விண்ணப்பத்திற்கும் வரைபடங்களுக்கும் பணம் செலவிடுமுன், அக்கருவி மெய்யாகவே புதியதுதானா என்று தேடிப் பார்த்தல் அவசியம்.

புதியது எது?

தம் கிராமத்தில் ஒருவரும் கண்டதில்லை என்பது மட்டும் போதாது. 1970-ஆம் வருஷத்திய இந்தியப் பேட்டண்டுச் சட்டப்படி, விண்ணப்பத் தேதிக்கு முன்னரே உலகில் எங்கேனும் அச்சில் வெளிவந்த பொருளோ, வழக்கத்திலிருந்த பொருளோ புதியதாகாது. காலாவதியான பழைய பேட்டண்டும் இக்கணக்கில் சேரும். சாகுபடி முறைகளுக்கும், பரம்பரையாக வழங்கிவரும் அறிவுக்கும் இச்சட்டம் காப்புரிமை அளிப்பதில்லை. ஆகையால் நாற்று நடும் இடைவெளியை மாற்றியவர் விண்ணப்பிப்பதில் பயனில்லை. நடுவதற்குப் புதுக் கருவி செய்தவர் விண்ணப்பிக்கலாம்.

தேடும் முறை

உதாரணமாக, நெல் வரிசைகளின் நடுவே தள்ளிச் செல்லும் களைக் கருவியை ஒருவர் திருத்தியிருப்பதாகக் கொள்வோம்.

1. கருவியின் பெயரை விட்டு, அது செய்யும் வேலையையும், எந்த உறுப்பினால் அவ்வேலை நடைபெறுகிறது என்பதையும் இரண்டொரு வாக்கியங்களில் எழுதிக்கொள்ள வேண்டும். ஒருவர் களைக் கருவி என்பதை மற்றொருவர் மண் கிளறும் கருவி என்று பதிவு செய்திருக்கக்கூடும்.

2. பேட்டண்டுகள் யாவும் சர்வதேச வகுப்பு முறைப்படி பிரிக்கப்பட்டுள்ளன. விவசாயம் 'ஏ 01' என்னும் வகுப்பில் அடங்கும். அதில் 'பி' உழவு முதலிய மண் வேலைக் கருவிகளையும், 'சி' விதைப்பு, நடவு, உரமிடுதல் ஆகியவற்றையும், 'டி' அறுவடையையும், 'எஃப்' கதிரடித்தலையும் குறிக்கும். பயிர் நிற்கும் நிலத்தில் களையெடுக்கும் கருவிகள் 'ஏ 01 பி 39' என்ற பிரிவில் உள்ளன. பிரிவைக் கொண்டு தேடினால் பெயர் வேற்றுமை தடையாகாது.

3. இந்தியப் பேட்டண்டு ஆபீஸின் இணையதளத்திலும், ஐரோப்பியப் பேட்டண்டு ஆபீஸாரின் 'எஸ்பாஸ்நெட்' என்னும் தளத்திலும் கட்டணமின்றித் தேடலாம். பின்னதில் பல தேசத்துப் பதிவுகளும் கிடைக்கும்.

4. கிடைத்த பதிவில் படத்தைப் பார்த்து நின்றுவிடாமல், விவரணம் முழுவதையும், அதன் இறுதியிலுள்ள உரிமைக் கோரிக்கைகளையும் படித்து, உறுப்புக்கு உறுப்பு ஒப்பிட வேண்டும். எல்லா உறுப்புகளும் ஒரே பதிவில் அவ்வாறே அமைந்திருப்பின், தம் கருவி புதியதன்று.

தேடலின் எல்லை

விண்ணப்பங்கள் சாதாரணமாக 18 மாதங்கள் கழிந்த பின்னரே பிரசுரமாகின்றன. ஆதலால் அண்மையில் பிறர் செய்த விண்ணப்பம் தேடலில் அகப்படாது. மேலும், பேட்டண்டுப் பதிவுகளில் இல்லாத செய்தி பழைய நூல்களிலும் சஞ்சிகைகளிலும் இருக்கக்கூடும். மஞ்சட்பொடியைக் கொண்டு புண் ஆற்றும் முறைக்கு 1995-இல் அமெரிக்காவில் ஒரு பேட்டண்டு வழங்கப்பட்டது. இந்திய விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் கவுன்ஸிலார் 1996-இல் அதை ஆட்சேபித்து, பழைய சமஸ்கிருத நூலையும், 1953-இல் இந்திய வைத்திய சஞ்சிகை ஒன்றில் வெளிவந்த கட்டுரையையும் சான்றாகக் காட்டினர். 1997-இல் அப்பேட்டண்டு ரத்தாயிற்று. நம் பாட்டிமார் அறிந்த பொருளேயாயினும், அச்சில் இருந்த சான்றே அங்குப் பெரிதும் துணை நின்றது. ஆகவே கிராமத்து வழக்கங்களைத் தேதியுடன் எழுதி வெளியிடுதல் நன்று.

எச்சரிக்கை

விண்ணப்பம் செய்யுமுன் தம் கருவியைச் சந்தையில் விற்பதும், அதன் அமைப்பைப் பத்திரிகையில் வெளியிடுவதும் புதுமையைக் கெடுத்துவிடும். கெஜட்டில் அதற்கென அறிவிக்கப்பட்ட கண்காட்சிகளைப் பொறுத்துச் சட்டம் 12 மாதச் சலுகை தருகிறது. எனினும் முதலில் விண்ணப்பிப்பதே க்ஷேமம்.

தேடியதில் தம் கருவியே முன்னர்ப் பதிவாகியிருக்கக் கண்டால் மனம் தளர வேண்டியதில்லை. இந்தியாவில் பேட்டண்டின் ஆயுள் 20 வருஷங்களே. காலாவதியானதையும், இந்தியாவில் பேட்டண்டு பெறாமல் அயல்நாட்டில் மட்டும் பெற்றதையும், வேறு பேட்டண்டு குறுக்கிடாதவரை, இங்கு எவரும் செய்து உபயோகிக்கலாம். செலவின்றிக் கிடைக்கும் அவ்வரைபடங்கள் கொல்லனுக்கும் தச்சனுக்கும் நல்ல வழிகாட்டியாகும். கிராம அதிகாரிகள் இவ்விஷயத்தைக் குடியானவர்களுக்கு எடுத்துச் சொல்லி, தேடிப் பார்க்கவும் உதவி புரிந்தால், வீண் செலவு பெரிதும் தவிரும்.