குளித்த நீரும் கடல் மீனும்

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ அதிகாலையில் ஒரு வீட்டின் குளியலறைக் கதவு திறந்தால், சவர்க்காரத்தின் நறுமணம் வாசல்வரை வந்து சேரும். சற்று நேரத்தில் அம்மணம் மறைந்துவிடும். ஆயின், மணந்தந்த பொருளின் ஒரு பகுதி குளித்த நீரோடு குழாய்க்குள் இறங்கியிருக்கும். கொழும்பு மாநகரின் கழிவுநீர், வெள்ளவத்தையிலும் முகத்துவாரத்திலும் கடலினுள் நீளும் குழாய்களின் வழியே நெடுங்காலமாகக் கடலிற் கலந்து வந்துள்ளது. அந்நீரில் வாழும் மீனுக்கு இம்மணப்பொருள் தீங்கு செய்யுமா? இதனை அறிவது எங்ஙனம்?

பழைய முறை எளியது, ஆனாற் கொடியது. பொருளை ஐந்து வெவ்வேறு அளவுகளில் நீரிற் கலப்பர். ஒவ்வொரு தொட்டியிலும் குறைந்தது 7 மீன்களை விடுவர். பொருள் கலவாத தொட்டி ஒன்றும் ஒப்புநோக்குவதற்கு உண்டு. 96 மணி நேரத்தில் எந்த அளவு பாதி மீன்களைக் கொல்லுகின்றது என்று கணிப்பர். ஒரு பொருளைச் சோதிக்க 42 மீன்களேனும் வேண்டும்.

இதற்கு மாற்று வழியொன்று கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்திற் பிறந்தது. ஆங்கிலேயர் காலத்தில் நுவரெலியாப் பகுதி ஓடைகளிலும் விடப்பட்ட வானவில் ட்ரவுட் என்னும் மீனின் செவுளிலிருந்து எடுத்த கலங்களை அங்கு வளர்த்தனர். செவுள் மீனின் மூச்சுறுப்பு. நீரிலுள்ள நஞ்சு முதலில் தொடுமிடங்களுள் ஒன்று. ஒருமுறை எடுத்த கலங்கள் ஆய்வுகூடத்திற் பெருகிக்கொண்டே இருப்பதால், சோதனைதோறும் புதிய மீன் தேவையில்லை. கலங்களை 24 மணி நேரம் பொருளோடு வைத்துச் சாயங்கள் இடுவர். உயிருள்ள கலங்களில் ஒளி மிகும், நலிந்தவற்றிற் குறையும்.

சுவிற்சர்லாந்தின் ஏவாக் நீராய்வு நிலையம் இம்முறையைச் செப்பனிட்டது. 2018இல் ஜிவோடான் நிறுவனத்து விஞ்ஞானிகள் 38 மணப்பொருள்களை இவ்வாறு சோதித்து, முன்னர் மீன்களிற் கண்ட முடிவுகளோடு ஒப்பிட்டனர். இரண்டும் பெரிதும் ஒத்திருந்தன. 2021இல் பொருளாதார ஒத்துழைப்பு, அபிவிருத்தி அமைப்பு இதனை 249ஆம் இலக்க வழிகாட்டியாக ஏற்றுக்கொண்டது.

எனினும், உடனே கொல்லாத பொருள் யாவும் தீங்கற்றது என்று கொள்ளலாகாது. செயற்கைக் கஸ்தூரிகளுள் ஒன்றான மஸ்க் சைலீன் இதற்குச் சான்று. அது எளிதிற் சிதையாது. உயிர்களின் கொழுப்பிற் சேர்ந்துகொள்ளும். ஆதலின், 2014 ஆகஸ்டுக்குப் பின் அனுமதியின்றி அதனைப் பயன்படுத்துவதை ஐரோப்பிய ஒன்றியம் தடுத்தது. சிதையுந் தன்மையை அறியவும் விலங்கு தேவையில்லை. கழிவுநீரின் நுண்ணுயிர்களுக்கு அப்பொருளையே உணவாக இட்டு, 28 நாளில் அவை எவ்வளவு ஒட்சிசனைச் செலவிட்டன என்று அளந்தாற் போதும்.

புதிய முறைக்கும் எல்லையுண்டு. நரம்பைத் தாக்கும் சில நஞ்சுகளைச் செவுட்கலம் காட்டிக்கொடுப்பதில்லை. நீண்டகால வளர்ச்சியையும் இனப்பெருக்கத்தையும் ஒருநாட் சோதனை உரைக்காது. குளிர்நீர் மீனின் கலம், கொழும்பின் வெப்பக்கடல் மீன்கள் அனைத்துக்கும் விடை கூறிவிடும் என்பதற்குமில்லை. ஆகவே, ஒரு சோதனையை மட்டும் நம்பாது, பலவற்றின் விடைகளைச் சேர்த்தே முடிவு காணல் வேண்டும்.

மணப்பொருள் கடலிற் கலந்தபின் அதனைத் திரும்ப எடுக்க வழியில்லை. எனவே, அது சவர்க்காரத்திற் சேருமுன்னரே தீங்கை அறிதல் வேண்டும். அவ்வறிவை மீன்களைக் கொல்லாமலே பெறக்கூடுமாயின், அதுவே மனிதர்க்கும் மீனுக்கும் நன்று.