உங்களுக்குத் தெரியுமா? ஊற்றும் சொற்கள்
விருந்தினரைக் கண்டவுடன் அன்பையும் புகழுரையையும் தடையின்றிக் கொட்டுகின்ற ஒருவரை ஆங்கிலேயர் 'எஃப்யூசிவ்' என்று வர்ணிக்கும்போது, 'வெளியே ஊற்று' என்னும் பொருளுடைய லத்தீன் வினையிலிருந்து பிறந்த அச்சொல்லுக்குள் சாய்ந்த குடமொன்று மறைந்திருப்பதை அவர்களே பெரும்பாலும் நினைப்பதில்லை. ஹவாய்த் தீவின் கிலவேயா போன்ற எரிமலைகளில், வெடித்துச் சிதறாமல் பாகு போல் வழிந்தோடும் குழம்பின் போக்கைக் குறிக்கவும் பூகர்ப்ப சாஸ்திரிகள் இதே சொல்லைத்தான் கையாளுகிறார்கள். உற்சாகம் ததும்புகிறவருக்குரிய 'எபுலியன்ட்' என்பதோ லத்தீனில் கொதித்துக் குமிழியிடுவதைச் சுட்டியது. நுரை பாத்திர விளிம்புக்கு ஏறிய பாலுக்கு நாம் சொல்லும் 'பொங்குகிறது' என்பதை மனத்துக்கும் வழங்குகிறோமே, அதுபோல. அளவு மீறிப் பாராட்டுவோரை மட்டும், நீர் பீறிடுவதற்குரிய 'கஷ்' என்ற சொல்லால் சற்றே எள்ளுவார்கள். அந்த எள்ளலில் நியாயமும் இல்லாமலில்லை. எல்லாவற்றிலும் விசித்திரமானது 'ஹ்யூமர்': ஈரம் என்று பொருள்பட்ட இந்த லத்தீன் சொல், இரத்தம், கபம், மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்று பழைய ஐரோப்பிய வைத்தியர் கணக்கிட்ட 4 தேக திரவங்களுக்குப் பெயராகி, பிறகு அவற்றால் விளையும் மனநிலையைக் குறித்து, கடைசியில் ஹாஸ்யத்தில் வந்து தங்கிவிட்டது.