ஒரு ரம்பமும் நாலு பெண்களும்

"ரம்பம்" என்று தலைப்பில் பார்த்ததும், 'ஐயோ, யாரோ அறுக்க வந்துவிட்டாள்' என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள், சகோதரிகளே! நான் சொல்லப் போவது நிஜ ரம்பம். பல் வைத்த, மரம் அறுக்கிற ரம்பம்.

எங்கள் வீடு திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் இருக்கிறது. கலெக்டர் ஆபீஸ் இருக்கிற வேங்கிக்கால் என்றால் எங்கள் பக்கத்து ஊர்க்காரர்களுக்குச் சட்டென்று புரியும். மொட்டை மாடியில் நின்றால் அண்ணாமலையார் மலை முழுசாகத் தெரியும். என் மாமனார் பள்ளிக்கூடத்தில் கைத்தொழில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். 2020-ல் கொரோனா ஊரடங்கு வந்து எல்லாரும் வீட்டோடு முடங்கிக் கிடந்தோமே, அப்போது ஒருநாள் பரணிலிருந்து ஒரு துணி மூட்டையை இறக்கச் சொன்னார். உள்ளே வளைந்த இரும்புக் கம்பியில் கைப்பிடி வைத்த ஒரு ரம்பம். வாயைத் திறந்த கம்பிக்கு நடுவே நூல் மாதிரி ஒரு பிளேடு. ஃப்ரெட் ஸா என்றார். அந்தக் காலத்தில் பள்ளிப் பிள்ளைகள் இதை வைத்துத்தான் பிளைவுட்டில் பூவும் பறவையும் வெட்டுவார்களாம். இப்போது இதே வேலைக்குக் கரண்டில் ஓடும் மெஷினும் வந்திருக்கிறது. ஸ்க்ரோல் ஸா என்று பெயர்.

"வாம்மா, உனக்குச் சொல்லித் தரேன். தையல் மெஷின் மிதிக்கத் தெரிஞ்ச கைக்கு இது ஒண்ணும் கஷ்டமில்லே" என்றார் மாமா.

கோலம் கற்றுக் கொடுத்த பாடம்

முதலில் எதை வெட்டுவது? எனக்குத் தெரிந்த படம் கோலம்தானே! ஒரு சிக்குக் கோலத்தைக் கார்பன் பேப்பர் வைத்துப் பலகையில் இறக்கினேன். கோட்டின் மேலேயே ரம்பத்தை ஓட்டினேன். மாமா பார்த்துக்கொண்டே இருந்தார். தடுக்கவில்லை. ஒரு சுற்று முடிந்து கோடு தொடங்கிய இடத்துக்கே வந்ததும், உள்ளே இருந்த மரம் 'பொத்'தென்று மடியில் விழுந்தது. கையில் மிஞ்சியது வெறும் ஓட்டை!

மாமா சிரித்துவிட்டுச் சொன்னார்: "கோட்டை வெட்டாதேம்மா. கோட்டைக் கொஞ்சம் தடிமனா வரைஞ்சுக்கோ. கோடுதான் மரமா நிக்கணும். கோட்டுக்கு நடுவிலே இருக்கிற காலி இடத்தைத்தான் எடுக்கணும்."

யோசித்துப் பாருங்கள், சிக்குக் கோலத்தில் கோடு தன்னையே குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது இல்லையா? அப்படிக் குறுக்கே போகிற இடமெல்லாம் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும். புள்ளிகள் மட்டும் விழுந்துவிடும். விழட்டும், பரவாயில்லை. நாலைந்து பிளேடு ஒடிந்த பிறகு ஒரு கோலம் முழுசாக வந்தது. பூஜை அறைக் கதவில் இன்றும் அதுதான் தொங்குகிறது.

நாலு பேரும் ஒரு நோட்டும்

இதைப் பார்த்துவிட்டு எதிர் வீட்டு அக்கா வந்தார். அப்புறம் கோடி வீட்டு டீச்சர், அவர் நாத்தனார். மத்தியானம் சாப்பாட்டுக் கடை முடிந்து, பிள்ளைகள் பள்ளியிலிருந்து வருவதற்குள் கிடைக்கிற ஒன்றரை மணி நேரம் எங்களுடையது. ஒருத்தர் வீட்டில் டிரில் மெஷின், இன்னொருத்தர் வீட்டில் கிளாம்ப். பிளேடு மட்டும் பொதுச் செலவில் டஜனாக வாங்கி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தோம். கூடவே ஒரு நாற்பது பக்க நோட்டு. படத்தை யார் வேண்டுமானாலும் ஒட்டலாம். ஆனால் ஒரு சட்டம்: எது கெட்டுப் போச்சு, ஏன் கெட்டுப் போச்சு என்பதையும் எழுதியாக வேண்டும். நன்றாக வந்ததைக் காட்ட யாருக்கும் ஆசைதான். கெட்டதைச் சொன்னால்தானே அடுத்தவளுக்குப் பலகை மிச்சம்!

இப்படிப் படம் பகிர்ந்துகொள்வது நாங்கள் கண்டுபிடித்த வழக்கம் இல்லை. இங்கிலாந்தில் 1895-லேயே 'ஹாபீஸ்' என்று ஒரு வாரப் பத்திரிகை தொடங்கி, இந்த ரம்ப வேலைக்கான படங்களை வாசகர்களுக்குக் கொடுத்து வந்ததாம். நம் பக்கத்திலேயே மைசூரில், ஈட்டி மரப் பலகையில் வேறு நிற மரத்துண்டுகளைப் பதித்துக் காடும் யானையும் ஊர்வலமும் செய்கிறார்களே, அந்தத் துண்டுகளை வெட்டுவதும் இதே மாதிரி மெல்லிய ரம்பத்தால்தான். முன்பு யானைத் தந்தம் பதித்தார்கள். தந்த வியாபாரம் தடையான பிறகு மரமும் பிளாஸ்டிக்கும் அந்த இடத்துக்கு வந்தன. அந்த வேலைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

நான் செய்த தப்பு

இனி, இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததற்கே காரணமான விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டில் சமையலறை அலமாரி வேலை நடந்தது. ஆசாரி மிச்சம் வைத்துவிட்டுப் போன எம்.டி.எஃப். பலகைத் துண்டுகள் நிறையக் கிடந்தன. காசில்லாமல் கிடைத்ததே என்று அதில் வெட்ட ஆரம்பித்தேன். பிளைவுட் போலச் சிம்பு எழும்பாது, வெண்ணெய் மாதிரி அறுபடும். மழைக்காலம் ஆனதால் மாடியை விட்டுவிட்டு, படுக்கையறையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு வேலை செய்தேன். மைதா மாவு போல் தூள் கொட்டும். வேலை முடிந்ததும் சுத்தமாகப் பெருக்கித் தள்ளிவிடுவேன்.

ஒரு மாதத்தில் என் சின்னவனுக்கு ராத்திரியில் இருமல் ஆரம்பித்தது. அப்போது அவனுக்கு ஆறு வயது. முதலில் சளி என்று கற்பூரவல்லிக் கஷாயம் கொடுத்தேன். ஒரு நடு ராத்திரியில் எழுந்து உட்கார்ந்துகொண்டு, மூச்சு விட முடியாமல் விலாவெல்லாம் உள்ளே இழுக்க, விசில் சத்தம் கேட்கிறது. அவனைத் தூக்கிக்கொண்டு நாங்கள் ஓடிய ஓட்டம் எனக்குத்தான் தெரியும். மருந்தைப் புகையாக்கி மூக்கில் பிடித்து, விடியற்காலையில்தான் மூச்சு சீரானது.

"வீட்டில் தூசி கிளம்புகிற வேலை ஏதாவது நடக்கிறதா அம்மா?" என்று டாக்டர் கேட்டார். "இல்லை டாக்டர்" என்றேன். வேண்டுமென்று சொன்ன பொய் இல்லை. தினமும் பெருக்குகிறவள் நான், தூசி எங்கிருந்து வரும் என்றுதான் நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து அலமாரி மேல் விரலால் ஒரு கோடு இழுத்தேன். பழுப்பாகத் தூள் ஒட்டிக்கொண்டு வந்தது. கட்டில் மேல், தலையணை உறையில், அவன் பொம்மை மேல், எங்கும் அதே தூள். கண்ணுக்குத் தெரிந்த தூளைத்தான் நான் பெருக்கியிருக்கிறேன். தெரியாத தூளைத் துடைப்பத்தால் கிளப்பிவிட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன்.

மாமா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "நாங்க பள்ளிக்கூடத்துல திறந்த வராண்டாவில செஞ்சோம்மா. மூடின ரூம்ல நீ செய்யறதைப் பார்த்தும் நான் சொல்லாம இருந்துட்டேன்" என்றார். அந்த வாரமே ரம்பத்தைத் திரும்பப் பரணில் போட்டுவிட்டேன்.

மறுபடி டாக்டரிடம் போனபோது விஷயத்தைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "வேலையை விட வேண்டாம். வீட்டுக்கு வெளியே கொண்டு போங்கள்" என்றார். மூச்சிரைப்புக்குக் காரணம் பல உண்டு, தூள் அதைத் தூண்டிவிடும் என்று விளக்கினார். அவனுக்கு மருந்தும் தொடர்ந்தது. தூள் வீட்டுக்குள் வராமல் பார்த்துக்கொண்ட பிறகு, ராத்திரி எழுந்து உட்காருவது நன்றாகவே குறைந்துவிட்டது.

பிறகு தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1995-லேயே மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருள்களில் சேர்த்துவிட்டது. வருடக்கணக்கில் பட்டறையில் தூளைச் சுவாசிக்கிறவர்களுக்கு மூக்குப் பகுதியில் வருகிற புற்று அது. எப்போதோ ஒரு கோலம் வெட்டுகிற நாம் அதற்காகப் பயந்து நடுங்க வேண்டாம். ஆனால் அலட்சியமும் வேண்டாம். எம்.டி.எஃப்., பிளைவுட் இவற்றை ஒட்டும் பசைகளில் ஃபார்மால்டிஹைடு என்ற ரசாயனம் இருப்பது உண்டு. ஈட்டி மரத்தூள் சிலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் கொண்டுவரும்.

இப்போது எங்கள் சட்டம்

* வெட்டுவதும் தேய்ப்பதும் மொட்டை மாடியிலோ திண்ணையிலோதான். மழை என்றால் அன்றைக்கு லீவு. படம் வரைகிற வேலையைப் பார்ப்போம்.
* கொரோனா காலத்தில் வாங்கிய என்-95 மாஸ்க் போட்டுக்கொள்வோம். முந்தானையால் மூக்கை மூடினால் நுண்ணிய தூள் நிற்காது.
* உலர்ந்த துடைப்பம் கூடாது. ஈரத் துணியால்தான் துடைப்போம்.
* வேலைக்கென்று ஒரு பழைய நைட்டி. அதைக் கழற்றி உதறி வெளியிலேயே போட்டு, கை முகம் கழுவிய பிறகுதான் குழந்தையைத் தூக்குவது.
* எம்.டி.எஃப். அடியோடு கிடையாது. பழைய பெயின்ட் அடித்த கதவு, ஜன்னல் மரமும் கிடையாது. பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம்.

நோட்டிலிருந்து சில குறிப்புகள்

புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு எங்கள் நோட்டிலிருந்து முக்கியமானவற்றைத் தருகிறேன்.

1. முதலில் 4 மி.மீ. பிளைவுட் வாங்குங்கள். தச்சுப் பட்டறையில் துண்டு துணுக்காகவே கிடைக்கும்.

2. நடுவில் குருவி வாயைத் திறந்த மாதிரி வெட்டிய ஒரு சின்னப் பலகையை, தேங்காய்த் துருவியை மாட்டுவது போல் மேஜை விளிம்பில் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். அந்த வாய்க்குள் ரம்பம் மேலும் கீழும் போய்வர வேண்டும்.

3. பிளேடின் பல் கீழ்ப்பக்கம், கைப்பிடியை நோக்கி இருக்க வேண்டும். கீழே இழுக்கும்போதுதான் அறுக்கும். மாட்டிய பிளேடை விரலால் சுண்டினால் வீணைத் தந்தி மாதிரி 'டிங்' என்று கேட்க வேண்டும். தொளதொளவென்று இருந்தால் ஒடியும்.

4. ரம்பத்தைச் செங்குத்தாகப் பிடியுங்கள். அழுத்தாதீர்கள். திரும்ப வேண்டியது ரம்பம் இல்லை, பலகை. மூலை வந்தால் முன்னே தள்ளாமல், இருந்த இடத்திலேயே மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு பலகையை மெல்லத் திருப்புங்கள்.

5. உள் வெட்டுக்கு முதலில் டிரில்லால் ஒரு துளை. பிளேடின் ஒரு நுனியைக் கழற்றித் துளையில் நுழைத்து மறுபடி மாட்டுங்கள். உள் வேலை எல்லாம் முடிந்த பிறகுதான் வெளி ஓரத்தை வெட்ட வேண்டும். முதலிலேயே வெளியை வெட்டிவிட்டால் பிடித்துக்கொள்ள இடம் இருக்காது.

6. ரம்பம் திணறினால் மெழுகுவர்த்தியைப் பிளேடில் லேசாகத் தடவுங்கள்.

7. ஒரே படம் இரண்டு வேண்டுமா? இரண்டு பலகைகளை இரட்டைப் பக்கம் ஒட்டும் டேப்பால் சேர்த்து ஒரே வெட்டாக வெட்டுங்கள். அடிப்பலகையில்தான் சிம்பு எழும்பும், மேல் பலகை சுத்தமாக வரும்.

8. உப்புத்தாள் முதலில் 120, பிறகு 220 நம்பர். எங்கள் வீட்டில் மாமாதான் பரீட்சை அதிகாரி. கண் சரியாகத் தெரியாவிட்டாலும் ஓரத்தை விரலால் தடவியே, "இங்கே சொரசொரன்னு இருக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்!

9. முந்தானையைச் செருகி, தலைமுடியை முடிந்து, தாலிச் சங்கிலியை ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டு உட்காருங்கள். மெஷினில் வேலை செய்தால் வளையலையும் கழற்றிவிடுங்கள்.

என்னென்ன செய்யலாம்?

கோலத் தட்டி, சாவி மாட்டும் பலகை, கொலுவுக்குப் பின்னால் வைக்கத் தோரணம். கார்த்திகை தீபத்துக்கு எங்கள் மலையையே பலகையில் வெட்டி வைத்தோம். அதன் பின்னால் சின்ன பாட்டரி விளக்கு. நிஜ அகலை மரத்துக்கு அருகில் வைக்காதீர்கள்.

பிள்ளைகளுக்கு ஒட்டுப்படப் புதிர் ரொம்பப் பிடிக்கும். 1760-களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்பவர், தேசப்படத்தை மரத்தில் ஒட்டி நாடு நாடாக வெட்டிப் பிள்ளைகளுக்குப் பூகோளம் கற்றுக்கொடுக்க விற்றாராம். நாம் ஒரு யானையை ஆறு துண்டாக வெட்டினால் போதும்.

ஆனால் மூன்று வயதுக்குள் உள்ள குழந்தைக்கு என்றால் ஜாக்கிரதை. சுமார் 32 மி.மீ. விட்டமுள்ள குழாய்க்குள் அடங்கிவிடும் துண்டு தொண்டையில் சிக்கக்கூடும் என்பது பொம்மைப் பரிசோதனையில் வைத்திருக்கும் கணக்கு. எந்தத் துண்டும் 5 செ.மீ.க்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாயில் வைக்கும் பருவம் என்றால் பிளைவுட் வேண்டாம், நன்றாகத் தேய்த்த வேப்பமரம் போல் முழு மரம் போதும். நிறம் பூச ஆசைப்பட்டால், ஈயம் கலக்காதது என்று டப்பாவில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். வீட்டு பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரிலிருந்து அமலில் இருக்கிறது.

என் சின்னவனுக்கு இப்போது பதினொரு வயது. மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு, "தள்ளும்மா, நான் வெட்டறேன்" என்று மாடியில் வந்து நிற்கிறான். தாத்தா நாற்காலியில் உட்கார்ந்தபடி, "அழுத்தாதேடா!" என்கிறார். எங்கள் நோட்டின் முதல் பக்கத்தில் கோலப் படம் இல்லை. "ஜன்னலைச் சாத்திக்கொண்டு வெட்டினேன், குழந்தைக்கு இழுப்பு வந்தது" என்று தேதி போட்டு நானே எழுதிய வரிதான் இருக்கிறது. புதிதாக யார் சேர்ந்தாலும் முதலில் அதைப் படித்துவிட்டுத்தான் ரம்பத்தைத் தொட வேண்டும்.

நீங்களும் உங்கள் தெருவில் ஒரு நோட்டை ஆரம்பியுங்களேன்!