பட்டமா, பந்தாட்டமா?

அமெரிக்க நாட்டுக் கல்லூரிகளில் விளையாட்டு என்பது மாலை நேரப் பொழுதுபோக்கு மட்டும் அன்று. பெரிய கல்லூரிகளின் கூடைப்பந்துப் பந்தயத்தைக் காணப் பதினாயிரக்கணக்கானோர் கட்டணம் செலுத்திக் கூடுவர். கல்லூரிக்கு வெளியே, ஆடுவதையே பிழைப்பாகக் கொண்ட தொழில்முறை அணிகள் இருக்கின்றன. நன்றாக ஆடும் ஒரு மாணவனை அவ்வணிகள் இரண்டாம் ஆண்டிலேயே விரும்புகின்றன என்று வைத்துக்கொள்வோம். நான்காண்டுப் படிப்பை முடித்துவிட்டுப் போவதா, இன்றே போவதா?

முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வாழ்நாளின் பெரும்பகுதியைப் பள்ளிக்கூடத்தில் கழித்தவன் நான். ‘படிப்பை முடி’ என்பதைத் தவிர வேறு விடை என் வாயில் எளிதில் வராது. ஆயினும் இவ்விஷயத்தை நுணுகிப் பார்த்தபின், அவ்விடை எல்லார்க்கும் பொருந்தாது என்று கண்டேன்.

ஸ்பென்சர் ஹேவுட் என்ற இளைஞரின் வரலாற்றைக் கேளுங்கள். மிஸ்ஸிஸிப்பி மாநிலத்தில் பருத்தி எடுத்துப் பிழைத்த ஓர் ஏழைத் தாயின் பத்து மக்களுள் ஒருவர். 1968ஆம் ஆண்டு மெக்ஸிகோ ஒலிம்பிக்கில் தம் நாட்டுக்குத் தங்கப் பதக்கம் பெற்றுத் தந்த அணியில் ஆடியவர். பள்ளிப் படிப்பு முடிந்து நான்கு ஆண்டுகள் ஆகாத எவரையும் சேர்ப்பதில்லை என்பது என்.பி.ஏ. என்னும் கூடைப்பந்துச் சங்கத்தின் அந்நாளைய விதி. ஹேவுட் வழக்காடினார், 1971இல் உச்சநீதிமன்றம் அவர் ஆடுவதற்கு வழி விட்டது. அந்தத் தாயின் கூரைக்கு முன்னால் நின்று, ‘உன் மகன் இன்னும் இரண்டாண்டு பொறுக்கட்டும்’ என்று சொல்ல எந்த ஆசிரியனுக்கு நா எழும்?

ஆனால் கதவு திறந்திருப்பதனாலேயே எல்லாரும் உள்ளே போய்விட முடியாது. தொழில்முறை அணிகள் ஆண்டுக்கொரு முறை, ‘டிராஃப்ட்’ என்று வழங்கும் தேர்வில், புதிய ஆட்டக்காரரை வரிசைப்படி எடுத்துக்கொள்கின்றன. சுற்றுகள் இரண்டே, தேர்வு பெறுவோர் ஏறத்தாழ அறுபது பேர். அவர்களுள்ளும் சிலர் அயல்நாட்டார். முதல் வகுப்புக் கல்லூரிகளில் ஆடும் மாணவரோ ஏறத்தாழ ஐயாயிரம் பேர். முதற் சுற்றில் எடுக்கப்பட்டவனுக்கு முதல் இரண்டாண்டுச் சம்பளம் உறுதி. இரண்டாம் சுற்றுக்காரனுக்கு அவ்வுறுதியை விதி தருவதில்லை. ‘நீ நிச்சயம் வெல்வாய்’ என்று தோள் தட்டும் தரகரும் நண்பரும் இக்கணக்கைச் சொல்வதில்லை. (தரகருக்குப் பங்கு கிடைப்பது மாணவன் கையெழுத்திட்ட பிறகுதான் என்பதையும் நினைவில் வையுங்கள்.)

இனி, தங்கியிருப்பது பத்திரமான வழி என்று எண்ணுவோமானால் அதுவும் பிழையே. அமெரிக்கக் கால்பந்து உடலை உடைக்கும் ஆட்டம். அதில் பள்ளி முடித்து மூன்றாண்டுகள் செல்லாமல் எவரும் தொழிலுக்குப் போக முடியாது. மார்க்கஸ் லாட்டிமோர் 2010இல் தென் கரோலினா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, முதலாண்டிலேயே நாடறிந்த ஆட்டக்காரரானார். 2011இல் ஒரு முழங்கால் காயமுற்றது. 2012இல் மற்றொரு முழங்கால் நிலைகுலைந்தது. 2013இல் நான்காம் சுற்றில் ஓர் அணி அவரை எடுத்துக்கொண்டது. ஆயினும் ஒரு போட்டிப் பந்தயத்திலும் இறங்காமலேயே 2014இல் ஓய்வு பெற்றார். முதலாண்டு முடிவில் அவர் தொழிலுக்குப் போக விரும்பியிருந்தாலும் விதி விட்டிராது. அவருடைய நல்ல கால்கள் சம்பளமின்றியே கழிந்தன.

எதிர்ப்பக்கத்தில் டிம் டங்கன் நிற்கிறார். கூடைப்பந்தில் முன்னதாகவே போயிருக்கக்கூடியவர். பட்டம் பெறுவதாகத் தாய்க்கு வாக்களித்திருந்தார். அத்தாய் அவர் சிறுவனாயிருந்தபோதே காலமாகிவிட்டார். நான்காண்டும் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் தங்கி, உளவியலில் பட்டம் பெற்று, 1997இல் முதல் ஆளாகத் தேர்வு பெற்றார். இவரைச் சான்றாகக் காட்டுவது எனக்கு மிகவும் இனிக்கிறது. அதனாலேயே என் மீது எனக்கு ஐயமும் எழுகிறது. ஏழடிக்குச் சற்றே குறைந்த உயரமும் அத்திறமையும் எத்தனை பேருக்கு வாய்க்கும்?

நான் கண்டது இதுதான். உடலின் வலிமைக்குப் பருவம் உண்டு. படிப்புக்கு அத்தகைய பருவம் இல்லை. மைக்கேல் ஜார்டன் 1984இல் மூன்றாமாண்டோடு கல்லூரியை விட்டார். 1986இல் பட்டத்தை முடித்தார். ஷகீல் ஓநீல் 1992இல் போனார். 2000இல் பட்டம் பெற்றார். ஆகவே, முதற் சுற்றில் இடம் உறுதி என்று, அவனிடம் ஆதாயம் எதிர்பாராதவர்கள் சொல்வார்களானால், மாணவன் போகலாம் என்பேன். போகுமுன், திரும்பி வந்து படிக்கக் கல்லூரி உதவுமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும். இடம் ஐயமானால் தங்கட்டும். தேர்வில் பெயரைக் கொடுத்துப் பார்த்துவிட்டுக் குறித்த நாளுக்குள் விலகிக்கொள்ளவும் கூடைப்பந்தில் வழி உண்டு. அந்நாளைத் தவறவிட்டவன் கல்லூரி அணிக்குத் திரும்புவது பொதுவாக அரிது.

அண்மையில் இக்கணக்கே மாறிவிட்டது. 2021 ஜூலை முதல் மாணவர் தம் பெயரையும் படத்தையும் விளம்பரங்களுக்குக் கொடுத்துப் பணம் பெறலாம். 2025 ஜூலை முதல் கல்லூரிகளே ஆட்டக்காரருக்கு நேராகப் பணம் தரலாம். முதலாண்டுக்கு ஒரு கல்லூரிக்கு விதித்த உச்சவரம்பு ஏறத்தாழ இரண்டு கோடியே ஐந்து இலட்சம் டாலர். விளைவு, இரண்டாம் சுற்றுக்கு அஞ்சிய மாணவர் பலர் இப்போது கல்லூரியிலேயே தங்கிவிடுகின்றனர். அவர்கள் நூலகத்தில் எவ்வளவு நேரம் செலவிடுகிறார்கள் என்பது வேறு கேள்வி. அதை அவர்களுடைய ஆசிரியர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று நம்புகிறேன்.